முப்பத்தொன்றுக்கு எடுத்த சீட்டு

1

ஊரிலிருந்து வரும் கடிதங்கள் எல்லாவற்றிலும் முதல் விசாரணை ஒன்றுதான்: சாமுவேல் தம்பியின் மேல்படிப்பு எந்த மட்டில் இருக்கிறது? என் சுகத்தைக் கேட்கிற வரி கடைசியில், கையெழுத்துக்கு மேலே மிச்சமிருக்கிற இடத்தில் வரும். என் கூடப்பிறந்த அண்ணனே அப்படித்தான் எழுதுகிறான். தனித்தனியாகப் பதில் எழுதி எனக்கு அலுத்துவிட்டது. நாசரேத்திலும் பாளையங்கோட்டையிலும் இதைப் படிக்கிறவர்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரே பதிலாகச் சொல்லிவிடுகிறேன். தம்பி, அதாவது என் வீட்டுக்காரர், நன்றாகப் படிக்கிறார். எனக்குத்தான் வயிறு எரிகிறது.

இது நானாகக் கண்டுபிடித்த வார்த்தை அல்ல. என் மகள் ரூபி சபையார் முன்னிலையில் சொன்னது. நாங்கள் இருக்கும் மலாயா நாட்டுக் குளுவாங்குக்கு மாதம் ஒரு ஞாயிறு ஜொகூர் பாருவிலிருந்து ரயிலில் ஐயர் வருவார். பாதிரியாரை ஐயர் என்கிற நம் பக்கத்து வழக்கம் இங்கேயும் எங்களோடு கப்பலேறி வந்துவிட்டது. ஆராதனை முடிந்ததும் அவர் பிள்ளைகளைக் கூப்பிட்டு ஏதாவது கேட்பார், மிட்டாய் கொடுப்பார். போன வருஷம் ஒரு ஞாயிறு ரூபியிடம், அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டார்.

"அப்பா படிக்கிறாங்க" என்றாள்.

அம்மா என்ன செய்கிறார் என்றார்.

"அம்மா அதப் பாத்து வயிறு எரியுறாங்க."

சபை முழுவதும் சிரித்தது. அவள் அப்பாவான இவரும் சிரித்தார். நான் குனிந்து பாட்டுப் புத்தகத்தைத் தேடுகிறவள் போலத் தேடினேன். ரூபிக்கு ஏழு வயது. எங்களிடம் தமிழும் தெருவில் மலாயும் பக்கத்து வீட்டுச் சீனப் பிள்ளையிடம் என்னவென்று தெரியாத ஒன்றும் பேசுவாள். புளிக்குழம்பு வைத்தால் "அலமாக், இன்னிக்கும் இதுவா" என்று மலாயும் கலந்து சலித்துக்கொள்வாள். இவளுக்கு நல்ல தமிழே வராதோ என்று நான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். அன்று அவள் பேசிய தமிழில் ஒரு குறையும் சொல்வதற்கில்லை.

2

படிப்பு இன்னதென்று அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். சீமையில் ஒரு சர்வகலாசாலை, கடல் கடந்து இருப்பவர்களும் வீட்டிலிருந்தபடியே மேல்பட்டத்துக்குப் படிக்கலாம் என்று வைத்திருக்கிறது. பாங்கித் தொழில், நாணயம், கம்பெனிகளுக்கு முதல் திரட்டுகிற வழிகள், பங்கு மார்க்கெட், இவையெல்லாம் பாடம். நம் சென்னை பி.ஏ. இருந்தால் சேர்த்துக்கொள்வார்கள். பாடங்கள் கப்பலில் சிங்கப்பூர் வந்து, அங்கிருந்து ரயிலில் குளுவாங் வரும். விடை எழுதி அனுப்பினால் அங்கே ஒரு துரை சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்புவார். பரீட்சை மட்டும் சிங்கப்பூரில் போய் எழுத வேண்டும்.

இவர் ரப்பர் வாங்கி ஏற்றுமதி செய்கிற கம்பெனியில் கணக்கர். அந்தப் பட்டம் வந்தால் சிங்கப்பூரில் ஒரு பாங்கியில் நல்ல வேலைக்கு வழி உண்டு. நான் இங்கே பெண்பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். எனக்குப் பட்டம் வந்தால் என் பள்ளிக்கூடத்தில் கூடுதலாக ஒரு சாக்குக்கட்டிகூடத் தரமாட்டார்கள். ஒருவருக்குத்தான் படிப்புச் சம்பளம் கட்ட முடியும் என்றபோது யார் சேருவது என்பதில் விவாதமே எழவில்லை. நானும்தான் சரி என்றேன். சரி என்று சொல்வது எவ்வளவு சுலபம் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.

முதல் கட்டு வந்த நாள் நினைவிருக்கிறது. பழுப்புக் காகிதத்தில் சணல் கட்டி, மேலே இவர் பெயர் தட்டெழுத்தில். தபால்காரரிடமிருந்து வாங்கியவள் நான். இவர் வேலையிலிருந்து வரும்வரை பிரிக்காமல் மேசைமேல் வைத்துக் காவல் இருந்தேன். வந்தார், பிரித்தார். நான் மீனுக்கு மசாலா தடவிக்கொண்டிருந்தவள் ஓடிவந்து கையை நீட்டினேன்.

"கையக் கழுவிட்டு வந்து தொடு, ஞானம்" என்றார்.

தவறான பேச்சு ஒன்றும் இல்லை. கையில் மஞ்சள் இருந்தது உண்மைதான். போய்க் கழுவிக்கொண்டு வந்தேன். ஆனால் சோப்புப் போட்டுத் தேய்க்கும்போது எனக்குள்ளே ஏதோ ஒன்று உட்கார்ந்துகொண்டது, பிறகு எழுந்து போகவே இல்லை.

3

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். சென்னையில் நாங்கள் இருவரும் ஒரே வருஷம்தான் பி.ஏ. எழுதினோம். ஒருவரை ஒருவர் அறியோம். பரீட்சை மண்டபத்தில் பெண்களை ஒரு ஓரமாக உட்காரவைத்து நடுவில் தட்டி வைத்து மறைத்திருந்தார்கள். எனக்குக் கணிதத்தில் முதல் வகுப்பு. இவருக்கு மூன்றாம் வகுப்பு. கலியாணமான புதிதில் இவரே அதைச் சொல்லிச் சிரிப்பார், விருந்துக்கு வந்தவர்களிடமும் சொல்வார். கப்பலேறியபின் சொல்வதை நிறுத்திவிட்டார். நானும் நினைவுபடுத்தவில்லை.

இப்போது காலையில் நான் எழுந்து அடுப்பு மூட்டும்போது இவர் முன்னறையில் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பார். தெருவில் பேசிக்கொண்டு போகிறவர்கள் எங்கள் வாசல் வந்ததும் குரலைத் தணிப்பார்கள். "சார் படிக்கிறாங்க" என்று ஒருவருக்கு ஒருவர் சைகை காட்டுவார்கள். நானும் அதே வீட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்குப் போய் நாற்பது பிள்ளைகளின் வாய்ப்பாட்டுச் சத்தத்தில் நின்றுவிட்டு வருகிறேன், எனக்காக ஒரு கோழியும் குரலைத் தணித்ததில்லை.

பாடத்தில் முட்டிக்கொண்டால் இவர் அடுக்களை வாசலில் வந்து நிற்பார். ஆறு மாதம் கழித்துப் பணமாகப் போகிற உண்டியல் பத்திரத்தை இன்றைக்கே பாங்கியில் மாற்றினால் எவ்வளவு கழித்துக்கொள்வார்கள், அந்தக் கழிவு உண்மையில் எத்தனை வட்டிக்குச் சமம் என்று ஒரு கணக்கு. நான் பயற்றங்காய் நறுக்கிக்கொண்டே சொன்னேன். இவர் ஒரு நிமிஷம் மேலே பார்த்து யோசித்துவிட்டு, நீ சொல்வதும் ஒரு விதத்தில் சரிதான் என்று சொல்லிப் போனார். இரண்டு மாதம் கழித்து அந்த விடை திரும்பி வந்தது. துரை ஓரத்தில் சிவப்பு மையால் மிகவும் பாராட்டி எழுதியிருந்தார். இவர் அதை என்னிடம் காட்டினார், மறைக்கவில்லை. அப்படி மறைத்திருந்தாலாவது சண்டை போட்டிருக்கலாம்.

பொறாமை என்பது அடுத்த வீட்டு நகையைப் பார்த்து வரும் என்றுதான் நான் எண்ணியிருந்தேன். ஒரே பாயில் படுத்து ஒரே பானையில் சாப்பிடுகிறவரிடம் வந்தால் என்ன செய்வது என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ரூபியின் வார்த்தையைக் கேட்டு வீடு திரும்பும்போது ஒன்று தீர்மானித்தேன். அடுத்த வருஷத்துக்கு நானும் பெயர் பதிவேன். இவரிடம் சொல்லிக்கொண்டு செய்யப்போவதில்லை.

4

முதல் இடைஞ்சல் என் பெயர். பி.ஏ. சான்றிதழில் நான் என் தகப்பனார் முதலெழுத்தோடு ஞானசெல்வம். ஜொகூரில் என் எல்லாக் காகிதத்திலும் மிஸஸ் சாமுவேல். இருவரும் ஒருத்திதான் என்று அதிகாரி முத்திரை வைத்துத் தந்தால்தான் சீமையில் ஏற்பார்கள்.

முத்திரை வைக்கிற சர்க்கார் அலுவலகத்தில் இருந்த மலாய்க்காரக் குமாஸ்தா மரியாதையான மனிதர். நாற்காலி கொடுத்தார். படிக்கப் போவது நான்தான் என்று எட்டு வருஷ மலாயைத் திரட்டிச் சொன்னேன். நான் சொன்ன லட்சணத்துக்கு, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற விண்ணப்பத்தை எடுத்து நீட்டினார். பிறகு கையாலும் காலாலும் பேசிப் புரியவைத்தேன். அவர் வியப்போடு பார்த்துவிட்டு, அப்படியானால் புருஷனின் கையெழுத்து வேண்டும் என்றார். அல்லது கலியாணத்தை அறிந்த ஒரு பெரியவரின் கையெழுத்து.

அடுத்த ஞாயிறு ஐயரிடம் காகிதத்தை நீட்டினேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு முழுவதையும் வாசித்தார்.

"ரூபி சொன்ன நோய்க்கு இதுதான் மருந்தாம்மா?" என்றார்.

"ஆமாங்கய்யா."

மேலே ஒரு வார்த்தை கேட்காமல் கையெழுத்துப் போட்டார். அவர் எவரிடமும் சொல்லவுமில்லை.

முத்திரை கிடைத்துவிட்டது. பணம்தான் இல்லை. பதிவு முடிகிற தேதிக்குள் பணம் சீமை போய்ச் சேர வேண்டும், கப்பலுக்கே ஏறக்குறைய ஒரு மாதம் பிடிக்கும். என் கையில் இருந்தது ஒரே ஒரு வழி, பாக்கியம் அக்காவின் சீட்டு.

5

பாக்கியம் அக்கா ஆஸ்பத்திரியில் காயத்துக்கு மருந்து கட்டுகிற டிரெஸரின் மனைவி. ரயில் ஊழியர் வீடுகள், ரப்பர் தோட்டத்தில் கணக்கு எழுதுகிற கிராணி வீடுகள், எங்களைப் போன்றவர்கள், இத்தனை பெண்களும் அவரிடம் மாதச் சீட்டுக் கட்டுகிறோம். ஊரில் நடக்கிற ஏலச்சீட்டுதான். மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவர் வீட்டில் கூடுவோம். பெக்கான் நானாஸிலிருந்து வந்த அன்னாசி நறுக்கி வைத்திருப்பார். பணம் அவசரமாக வேண்டியவள், நூற்றுக்கு இவ்வளவு தள்ளி எடுத்துக்கொள்கிறேன் என்பாள். இன்னொருத்தி அதற்கு மேலே தள்ளுவாள். யார் அதிகம் தள்ளுகிறாளோ அவளுக்குச் சீட்டு. தள்ளிய பணத்தை மற்றவர்கள் பங்கு போட்டுக்கொள்வார்கள். எடுத்தவள் கடைசி மாதம் வரை முழுத் தவணையும் கட்டவேண்டும். ஆண்கள் அந்த அறைக்குள் வருவதில்லை, அது எழுதாத சட்டம்.

வழக்கமாக எட்டு, ஒன்பதில் முடிந்துவிடும். பத்தைத் தாண்டினால் அந்த வீட்டில் சாவோ கலியாணமோ என்று அர்த்தம், பாக்கியம் அக்கா விசாரித்துவிட்டுத்தான் கொடுப்பார்.

நான் ஐந்தில் ஆரம்பித்தேன். ரயில்வே கார்டின் மனைவி செல்லம்மா, ஆறு என்றாள். செல்லம்மா அதிகம் வாய் திறக்காத பெண். அதுவரை ஒரு மாதமும் சீட்டுக் கேட்டதில்லை. நான் எட்டு என்றேன். அவள் பத்து என்றாள். பெண்கள் அன்னாசித் தட்டைக் கீழே வைத்தார்கள்.

பன்னிரண்டில் நான் நின்றிருக்க வேண்டும். எந்த வட்டிக்குப் பணம் எடுக்கலாம், எதற்கு எடுக்கக்கூடாது என்று குளுவாங்கில் எனக்குத் தெரிந்த அளவுக்குத் தெரிந்தவர்கள் குறைவு. ஆனால் அந்த நேரத்தில் எனக்குக் கணக்கே ஓடவில்லை. பழுப்புக் காகிதக் கட்டு ஒன்றுதான் கண்முன் இருந்தது, அதன்மேல் என் பெயர். இவளுக்கு ஒரு ஜோடி வளையலுக்காக என் படிப்பு போகவேண்டுமா என்று செல்லம்மாவின்மேல் கோபம் கோபமாக வந்தது. அவளும் விடவில்லை. ஒவ்வொரு தடவையும் என் முகத்தைப் பார்க்காமல், பாடம் ஒப்பிக்கிறவள் மாதிரி ஒரு படி கூட்டினாள். இருபதைத் தாண்டியபோது ஒருத்தி தன் பிள்ளையை வெளியே அனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

செல்லம்மா முப்பது என்றாள்.

நான் முப்பத்தொன்று என்றேன்.

அவள் நிறுத்திக்கொண்டாள். பாக்கியம் அக்கா என்னைப் பார்த்து, "வீட்ல என்னா விசயம், டீச்சர்?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் செல்லம்மா அழுகிற குரலில் பேசினாள்.

"முப்பதுக்கு மேல போவாதீங்கன்னு சார் சொல்லியிருந்தாங்க. நான் என்ன செய்யட்டும்? அவங்களுக்கு இப்ப நான் என்ன பதில் சொல்றது?"

எந்த சார் என்றார் பாக்கியம் அக்கா.

"டீச்சரம்மா வீட்டு சார்தான். சீமைக்குப் போற கப்பலுக்குப் பணம் வேணும், உங்க பேருக்கு உள்ள சீட்ட எடுத்துக் குடுங்க, தவணைய நான் கட்டிக்கிறேன்னாங்க. டீச்சரம்மாவுக்குத் தெரியும்னுல்ல நான் நெனச்சேன்."

சீமைக்குப் பணம் கட்டி நானும் படிக்கத்தான் சீட்டு எடுத்தேன் என்று பாக்கியம் அக்காவிடம் சொன்னேன். பிறகு ஓரத்தில் இருந்த சிம்பாங் ரெங்கம் தோட்டத்துக் கிராணி மனைவி சிரிப்பை அடக்கமுடியாமல், "நீங்க ரெண்டு பேரும் மாசாமாசம் இப்படியே படிங்க, டீச்சர். எங்களுக்கு நல்லது" என்றாள். அந்த மாதம் அவர்களுக்குக் கிடைத்த பங்கு அந்தச் சீட்டு ஆரம்பித்த நாளிலிருந்து யாரும் கண்டிராதது. என்னையும் மீறி நானும் சிரித்தேன்.

6

வீடு வந்தேன். வெயில் தணிகிற நேரம். ரப்பர் ஷீட்டை உலர்த்துகிற புகைக்கூண்டிலிருந்து வாடை தெருவெல்லாம். இவர் மேசையில் இருந்தார். சனிக்கிழமை ஏலம் என்பது தெரியும், ஆதலால் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டார்.

"இந்த மாசம் சீட்ட யார் எடுத்தா?"

"நான்."

தலை நிமிர்ந்தது. "எவ்வளவு தள்ளி?"

"நூத்துக்கு முப்பத்தொண்ணு."

பென்சிலை எடுத்துவிட்டார். அவருடைய சுபாவம் அது, வீடு தீப்பிடித்தாலும் எத்தனை ஓலை என்று எண்ணுவார். ஓரத்தில் ஏதோ கூட்டிக் கழித்துவிட்டு முகம் சுளித்தார். "இது என்னா வட்டி ஆகுது தெரியுமா? பி.ஏ.ல முதல் வகுப்பு வாங்கினவ எடுக்கிற விலையா இது?"

"மேல்பட்டம் படிக்கிறவரு முப்பது வரைக்கும் வந்தாரே" என்றேன்.

பென்சில் நின்றது. பிறகு விஷயம் மெள்ள மெள்ள வெளியே வந்தது. கடைசி வருஷம் அங்கேயே போய் இருந்து படித்தால் பெரிய பேராசிரியர்களிடம் கேட்கலாம், ஒரு ஆராய்ச்சி எழுதலாம், ரப்பர் ஏற்றுமதிக்குச் சர்க்கார் கொடுக்கிற கூப்பனை வாங்கி விற்கிற வியாபாரத்தைப் பற்றி எழுதச் சொல்லி அந்தத் துரையே யோசனை சொல்லியிருக்கிறார். எங்களை அழைத்துப்போக வசதி இல்லை. சொன்னால் நான் வருத்தப்படுவேன் என்று, டிக்கெட் எடுத்தபிறகு சொல்லலாம் என்று இருந்தாராம்.

நீங்கள் எதிர்பார்ப்பீர்கள், நான் அழுதேன் என்று, என்னையும் பிள்ளையையும் இந்த மழைக்காட்டில் விட்டுப்போக மனம் வந்ததா என்று கேட்டேன் என்று. அப்படிக் கேட்டிருந்தால் ஊரில் எல்லோரும் என் பக்கம் பேசியிருப்பீர்கள். நான் கேட்டது அது இல்லை.

"நீங்க எங்கள விட்டுட்டுப் போறது எனக்குப் பெரிசில்ல. பள்ளிக்கூடம் இருக்கு, சபை இருக்கு, நான் சமாளிச்சிருவேன். அந்த எடத்துக்கு நான் போகாம நீங்க போறீங்க பாருங்க, அதத்தான் என்னால தாங்க முடியல."

சொன்னபின் எனக்கே திக்கென்றிருந்தது. முத்திரை வைத்த காகிதத்தையும் எடுத்து மேசையில் வைத்தேன். இவர் அதைப் படித்தார். ஞானசெல்வம் என்கிற பெயரின்மேல் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ரூபி வந்து, சாப்பாடு உண்டா இல்லையா என்று கேட்டாள்.

7

திங்கட்கிழமை என் பணம் சீமைக்குப் போயிற்று.

அடுத்த மாதச் சனிக்கிழமை நான் பாக்கியம் அக்கா வீட்டுக்குப் போகும்போது செல்லம்மா நினைவாகவே இருந்தது. செல்லம்மா பெயரில் சீட்டு இன்னும் எடுக்காமல்தான் இருந்தது. நான் எடுத்துவிட்டவள், இனிக் கேட்க முடியாது. அவள் நினைத்தால் ஐந்துக்கே எடுத்துவிடலாம். கப்பலுக்கும் காலம் கடந்துவிடவில்லை. ஏலம் ஆரம்பித்தது. வேறு இருவர் கேட்டார்கள். செல்லம்மா அன்னாசித் துண்டில் உப்பைத் தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டே இருந்தாள். ஏழில் முடிந்தது. வெளியே வரும்போது அவளைத் தடுத்து நிறுத்திக் கேட்டேன்.

"இனிமே வேணாம்னு சார் சொல்லிட்டாங்க, டீச்சரம்மா."

வீட்டுக்கு வந்து இவரிடம் ஏன் என்று கேட்டேன். எனக்காக விட்டுக்கொடுத்தேன் என்று சொல்லியிருந்தால் வாழ்நாள் முழுவதும் அதற்கு நன்றி சொல்லிச் சாக வேண்டியிருந்திருக்கும். நல்லவேளை, இவர் உண்மையைச் சொன்னார்.

"நான் அங்க போய்ட்டா, நீ இங்க தனியா ஒக்காந்து படிச்சு என்னைத் தாண்டிப் போயிருவ. ஒரு தடவ தாண்டினது போதும், ஞானம்."

எட்டு வருஷத்தில் இவர் என்னிடம் சொன்ன எந்த அன்பான வார்த்தையும் எனக்கு இத்தனை இனிப்பாக இருந்ததில்லை. வயிறு எரிகிறவள் இந்த வீட்டில் நான் ஒருத்திதான் என்றல்லவா இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

இப்போது முன்னறையில் மேசை ஒன்று, நாற்காலி இரண்டு. காலையில் அடுப்பு மூட்டுவது ஒரு நாள் அவர், ஒரு நாள் நான். அவர் மூட்டுகிற நாளில் பள்ளிக்கூடத்துக்குக் கொஞ்சம் தாமதமாகும். விடைகளை ஒருவர் பார்க்காமல் ஒருவர் கையால் மறைத்துக்கொண்டு எழுதுகிறோம். அவருக்குக் கடைசிப் பரீட்சை இந்த வருஷம். எனக்கு இன்னும் தூரம் இருக்கிறது. அதை நினைத்தால் இன்னமும் எரியத்தான் செய்கிறது, இல்லையென்று சொல்லமாட்டேன். செல்லம்மாவின் சீட்டு இன்னும் எடுக்காமலே இருக்கிறது என்பதும் ஒவ்வொரு சீட்டுச் சனிக்கிழமையும் எனக்கு நினைவு வருகிறது.

போன வாரம் என் முதல் விடைகள் திருத்தப்பட்டுத் திரும்பி வந்தன. பழுப்புக் காகிதம், சணல், மேலே தட்டெழுத்தில் என் பெயர். நான் பிரித்து, சிவப்பு மையில் இருந்ததை ஒரு தடவை படித்தேன், மறுபடியும் படித்தேன். இவர் அன்று சமையல் முறைக்காரர், நெத்திலி கழுவிக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்து வந்து கையை நீட்டினார்.

"கையக் கழுவிட்டு வாங்க" என்றேன்.

என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு குழாயடிக்குப் போனார். சோப்புப் போடுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது.